சேகரம்: பிடியரிசி, மகமை, பதிவேடு

ஆங்கிலிக்கன் திருச்சபையை அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் 'எபிஸ்கோப்பல்' என்கிறார்கள். பேராயரின் ஆளுகைக்கு உட்பட்டது என்று பொருள். அம்மரபில் ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டத்துக்குத் திருநெல்வேலிச் சீமையில் வழங்கும் பெயர் 'சேகரம்'. கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள். சேகரம் என்ற சொல்லில் மேய்ப்பரும் இல்லை, ஆடும் இல்லை. சேர்த்து வைத்தல் என்ற அன்றாட வேலை மட்டுமே இருக்கிறது. சிதறிக் கிடக்கும் ஊர்ச் சபைகளைச் சேர்ப்பது, அச்சபைகளின் அரிசியையும் காசையும் சேர்ப்பது. இந்த இரண்டாவது சேகரத்தின் வழியாக சிவகாசி, சாட்சியாபுரம், விருதுநகர் வட்டாரத்தை வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இவ்வட்டாரம் 1910இல் இராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடியாக இருந்தது. சர்ச் மிஷனரி சொசைட்டியின் ஆவணங்களில் 'வட திருநெல்வேலி' எனக் குறிக்கப்படுவது இதுதான். கரிசல் காடு, மானாவாரி, வானம் பார்த்த பூமி. தெற்கே மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கம் ஊர் ஊராக ஜனங்கள் 'வேதத்துக்குப் போயிட்டாங்க' என்ற நிலை இருந்தபோது, வடக்கே வேதக்கோயில் அபூர்வம்.

மிஷன் வரலாறுகள் இங்கே தாமஸ் கஜெத்தான் ரேக்லண்டில் தொடங்கும். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். 1846இல் சென்னைக்கு சொசைட்டியின் செயலாளராக வந்தார். மேசை வேலையை விட்டுவிட்டு 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் கூடாரம் போட்டு ஊர் ஊராக அலையும் ஊழியத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே நுரையீரல் நோயாளி. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். நான்காண்டு அலைச்சலுக்குக் கிடைத்த பலன் மிகச் சொற்பம். ஆகவே 'விடாமுயற்சி' என்ற தலைப்பில் அவரை வைப்பது வசதியாயிற்று. 1922இல் ஏமி கார்மைக்கேல் எழுதிய வரலாற்றில் அவர் முன்னோடி. நம்மூர் ஞாயிறுப் பள்ளிகளில் அவர் விதை.

ரேக்லண்டின் உறுதியைக் குறைத்துச் சொல்ல நமக்குக் காரணமில்லை. ஆனால் கூடாரத்தைச் சுற்றி இருந்தவர்கள் யார்? தெற்கத்திச் சபைகளிலிருந்து உபதேசிமார் முறைவைத்து வடக்கே வந்தார்கள். ஒரு குழு தன் தவணை முடித்துத் திரும்ப, அடுத்த குழு வரும். அவர்களுடைய செலவைத் தெற்கத்திச் சபைகளே தாங்கின. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகள் அவை. பதனீரும் கருப்பட்டியும் விற்ற காசு, முன்பின் பார்த்திராத ஊர்களுக்காகக் கரிசல் காட்டுக்குப் போனது. வெள்ளைக்காரரின் உடல் அழிந்தது சரித்திரமாயிற்று. முறைவைத்து நடந்தவர்களின் கால்கள் அறிக்கையில் ஒரு எண்ணிக்கையாயின. விடாமுயற்சி என்பது ஒற்றை ஆளின் குணமாக எழுதப்படும்போது, அதைத் தாங்கிய ஏற்பாடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. (இதே 1850களில்தான் தெற்கே சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் துரைமார்களோடு பிணங்கி, தனியே 'இந்து கிறித்தவ சபை'யை நிறுவினார். உபதேசிமார் எல்லாரும் கைகட்டி நின்றார்கள் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.)

ரேக்லண்டுக்குப் பின் சிவகாசியை ஒட்டி சாட்சியாபுரம் மிஷன் ஊராக எழுந்தது. இப்படி ஊர் கட்டுவது திருநெல்வேலியில் பழைய வழக்கம். வேதத்தில் சேர்ந்ததும் நிலத்தை விட்டும் கிணற்றை விட்டும் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கித் தர ரேனியஸ் காலத்திலேயே, 1830இல், தர்ம சங்கம் ஏற்பட்டது. தருமம் என்றால் இங்கே சில்லறை பிச்சையல்ல, குடியிருக்க இடம். அடி விழுந்தால் ஓடிப்போய் நிற்க ஒரு தெரு. அன்பு நிலப்பத்திரமாக மாறிய இந்தக் கட்டத்தை நமது மதமாற்ற விவாதங்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) ஒட்டித் திருநெல்வேலிச் சபைகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். 'கஞ்சிக்கு மதம் மாறினவன்' என்ற ஏச்சு அப்போதிருந்து தொடர்கிறது. பசித்தவன் கஞ்சி ஊற்றியவன் பக்கம் போனான் என்றால், ஊற்றாதவர்களைப் பற்றி அந்த ஏச்சு ஏன் ஒன்றும் சொல்வதில்லை? இன்னொரு பக்கமும் உண்டு. மிஷல் ஃபூக்கோ 1978 சொற்பொழிவுகளில் மேய்ப்பு அதிகாரம் பற்றிப் பேசினார். மந்தையை மட்டுமல்லாது ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே அறிந்து, அதன் நலத்தைப் பேணுவதன் மூலமாகவே இயங்கும் அதிகாரம் அது. உபதேசியாரின் நாட்குறிப்பு, ஞாயிறு ஆஜர்ப் பட்டியல், யார் குடித்தான், யார் கோயில்கொடைக்குப் போனான் என்ற விசாரணை, சபை நீக்கம் எல்லாமே இந்த வகைக்குள் அடங்கும். பரிவும் கண்காணிப்பும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டன. ஆனால் அந்த நோட்டை நிரப்பியவரும் அதே கஞ்சியைக் குடித்த, அதே தெருக்காரர் என்பதை ஐரோப்பியக் கோட்பாடு அப்படியே விளக்கிவிடாது. அவர் மேலிடத்துக்குக் கணக்குக் கொடுத்தார்; தெருவுக்கும் முகங்கொடுக்க வேண்டியிருந்தது.

லண்டனில் சொசைட்டியின் செயலாளராக இருந்த ஹென்றி வென், சுதேச சபைகள் தம்மைத் தாமே தாங்க வேண்டும், தாமே ஆள வேண்டும், தாமே பரப்ப வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். லண்டனில் அது கொள்கை. கரிசலில் அது பிடியரிசி. உலையில் அரிசி போடும் முன் வீட்டுப்பெண் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போடுவாள். வாரம் ஒருமுறை கலயம் கோயிலுக்குப் போகும். ஆண்கள் கொடுத்த சந்தாவுக்கு ரசீது உண்டு, நோட்டில் பெயர் உண்டு. பிடியரிசிக்கு அளவுதான் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை. முதல் காய்த்த பூசணி, சேவல், ஒரு படி கம்பு எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒருவர் எடுத்த சேவலை மறுபடியும் காணிக்கையாக வைப்பார், அது மறுபடியும் ஏலம் போகும். பிறகு அசனம். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே உலைச் சோற்றைச் சாப்பிடுவது. திருவிருந்து பீடத்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பது எவ்வளவு பெரிய காரியமோ, வெளியே ஒரே பந்தியில் உட்காருவது அதைவிடப் பெரிய காரியம். உள்ளே மூப்பர் முறைமை என்ற திரை உண்டு, வெளியே அது கிடையாது.

இங்கே விருதுநகரைப் பார்க்க வேண்டும். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களின் வணிக நாடார்கள் பெரும்பாலும் வேதத்தில் சேரவில்லை. தெற்கே பனங்காட்டு நாடாருக்கு மிஷன் தந்த பள்ளி, பாதுகாப்பு, கூட்டுறவு ஆகியவற்றை வடக்கே அவர்களே உறவின்முறை வழியாக உருவாக்கிக்கொண்டார்கள். பேட்டைக்கு வரும் சரக்கின் மீதும் வியாபாரத்தின் மீதும் மகமை வசூலிக்கப்பட்டது. முறைகாரர் முறைவைத்துப் பொறுப்பேற்றார். கிணறு, சத்திரம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் மகமையில் எழுந்தன. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை பிடியரிசியில் நடந்த பள்ளி என்பது அவர் வரலாற்றைப் படித்த எல்லோருக்கும் தெரியும். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைப் பரவலாக்கிய முதலமைச்சரை வளர்த்தது வீட்டு வீட்டுக்குச் சேர்ந்த அந்த அரிசிதான்.

ஆக ஒரே கரிசலில், ஒரே காலத்தில், இரண்டு வகைக் கலயங்கள். வேதக்காரர் தெருவிலும் பிடியரிசி, உறவின்முறைத் தெருவிலும் பிடியரிசி. உபதேசிமாரும் முறைவைத்து வந்தார்கள், முறைகாரரும் முறைவைத்து வந்தார். யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்ற கேள்வி பயனற்றது என்று நினைக்கிறேன். கையில் முதல் இல்லாத, அரசும் கோயிலும் கைவிட்ட ஜனங்கள் நீடித்து நிற்பதற்குக் கண்டுபிடித்த நுட்பம் இது. ஒரு பிடி யாருக்கும் வலிக்காது. ஆனால் தினமும் எடுக்க வேண்டும். விடாமுயற்சி என்ற பெரிய வார்த்தைக்கு இந்த வட்டாரம் கொடுத்த அளவு ஒரு பிடி.

இரண்டு கலயமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்த வழக்கு 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. இடையில் 1899 ஜூன் 6 அன்று சிவகாசி சூறையாடப்பட்டு உயிர்கள் பலியாயின. அடிபட்டவர்களை மீட்டு நிறுத்தியது உறவின்முறையின் வலிமை. அதன் பரிவு பிறப்பால் எல்லை கட்டப்பட்ட பரிவு. அதை அவர்கள் மறைத்ததில்லை. எங்கள் பக்கம் 'சமூகம்' என்றாலே சாதி என்றுதான் அர்த்தம். 'அவரு என்ன சமூகம்?' என்று கேட்டால் சமூகவியலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சேகரமோ பிறப்பைத் தாண்டிய சமூகம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். சுற்றறிக்கை வந்தது, தெரு மாறவில்லை. எந்த ஊர்ச் சபை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் அதன் சாதி தெரிந்துவிடும். சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தால் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாக்குறுதியே தராத உறவின்முறையைவிட, தந்துவிட்டுத் தவறிய சேகரத்தின்மேல்தான் நம் விமர்சனம் கடுமையாக இருக்க முடியும். அதே சமயம், மீறிவிட்டாய் என்று குற்றம் சாட்ட ஒரு வாக்குறுதியாவது அங்கே எழுத்தில் இருக்கிறது. ஒரே பந்தியில் ஏன் உட்காரவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்டால், பதில் சொல்ல வேதப்புத்தகத்தில் இடம் கிடையாது.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் ஆளுகையில் வளர்ந்த சிவகாசி வட்டாரச் சபைகள், பேராயரே இல்லாத அமெரிக்க மதுரை மிஷன் சபைகளோடு மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் சேர்ந்தன. முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன். ஆளுகை பற்றிய இறையியல் சண்டை இங்கிலாந்தில் பல வருஷம் ஓடிற்று. கரிசல் சபைகளில் அது பெரிதாக எடுபட்டதாகத் தெரியவில்லை. பேராயர் யாரானாலும் கலயம் அதேதான்.

பெரிய மாற்றம் தீக்குச்சியில் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பிறகு அச்சகம், 1940களில் பட்டாசு ஆபீஸ். மானாவாரியில் காய்ந்த ஜனத்துக்கு வாரக்கூலி கிடைத்தது. வானத்தைப் பார்த்து வைத்த ஸ்தோத்திரப் பண்டிகை, தீபாவளிக்கு முந்தின சீசனைப் பார்க்க ஆரம்பித்தது. காலையில் கோயில் மணி அடிக்கும் முன்பே ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடித்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த வண்டிகளில் விடியுமுன் ஏறியவர்களில் பெரும்பகுதி பிள்ளைகள். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல் தோதுப்பட்டது. பிடியரிசியில் எழுந்த பள்ளிகள், மிஷன் பள்ளிகள், இரண்டிலும் பெஞ்சுகள் காலியாயின. சாதி ஒன்றிய மூலதனத்தின் வெற்றிக்கதையாகச் சிவகாசியைச் சொல்பவர்கள் இந்த வண்டியைப் பற்றிச் சொல்வதில்லை. சபையும் அந்நாளில் பொதுவெளியில் உரக்கப் பேசியதாக நான் அறியேன். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பீடத்தில் முழங்காற்படியிடும்போது பிரசங்கம் பொதுவாகிவிடுகிறது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிக்கும் வண்டிக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

மௌனத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, சாட்சியாபுரத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக சபை நடத்திவரும் பள்ளி. எந்தத் தொழிலுக்கும் தோதுப்படாத விரல்களுக்காக ஒரு பள்ளி நடப்பது சின்ன விஷயமில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்ததில் 40 பேர் அளவில் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து உதவிக்கும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள், அடுத்த வெடியில் மாட்டிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். விபத்துக்குப் பிறகு நிவாரணத் தொகை வரும், விசாரணை நடக்கும், லைசென்ஸ் நிறுத்தப்படும். அந்த முதல் சில நிமிஷத்தில் ஓடியவர்கள் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள், எந்தச் சமூகம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. உறவின்முறைக் கணக்கிலும் சேகரக் கணக்கிலும் அடங்காத ஒரு பரிவு அது. அதற்கு இன்னும் நம்மிடம் சொல் இல்லை.

இவ்வட்டாரத்தின் சமூக வரலாற்றை எழுத நினைக்கும் இளம் ஆய்வாளர்கள் ஆலை முதலாளிகளின் மலர்களையும் மணிவிழா மலர்களையும் விட்டுவிட்டு, சேகரங்களின் பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டலாம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவம் அது. மணமக்கள் பெயர், வயது, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர் ஆகியவற்றுக்குக் கட்டம் உண்டு. சாதிக்குக் கட்டம் கிடையாது. இருப்பிடம் என்ற கட்டத்தில் தெருப்பெயரை எழுதி அதைச் சரிக்கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தொழில் என்ற கட்டத்தில் விவசாயம் எந்த வருஷம் தீப்பெட்டியாகிறது, தீப்பெட்டி எந்த வருஷம் பட்டாசாகிறது, மணமகள் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் எந்த வருஷம் முதல் காலியாக இல்லை என்பதையும் எண்ண வேண்டும். பூச்சி அரிப்பதற்குள் செய்துவிட்டால் நல்லது.