சுண்ணாம்பும் ஒரு மூச்சும்

போன ஞாயிறு மகள் சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பரிசோதனை. சுண்ணாம்பு உபயம்: கிடர்பூர் முனைப் பான் கடை. தண்ணீர் பாலாக வெளுத்ததும், "கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடிச்சுக்கிச்சுப்பா" என்றாள். நான் பி.காம். படித்த வங்கிக்காரன். ஆனாலும் இந்தப் பிடிப்பை நம்பி மனிதர்கள் தண்ணீருக்குள் இறங்கிய கதை ஒன்று எனக்குத் தெரியும்.

சாதாரண முக்குளிப்பவர் விடும் மூச்சு குமிழியாகப் போய்விடும். ரீபிரீதர் அதே மூச்சைச் சுத்தம் செய்து, செலவான ஆக்சிஜனைச் சேர்த்துத் திருப்பித் தரும். கரியமில வாயுவை எதை வைத்துப் பிடிப்பது? அங்கேதான் சிக்கல். சரியாகப் பிடிக்காவிட்டால் மூச்சிரைப்பு, தலைவலி, மயக்கம். தண்ணீருக்கடியில் மயங்கினால் உயிர் மிஞ்சாது.

1878-ல் இங்கிலாந்தின் ஹென்றி ஃபிளூஸ் காஸ்டிக் பொட்டாஷில் ஊறிய கயிற்று நாரை வைத்தார். 1879-ல் செவர்ன் ஆற்றடி ரயில் சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கியது. காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை. 1880-ல் அலெக்சாண்டர் லாம்பெர்ட் ஃபிளூஸ் கருவியோடு இருட்டில் சுமார் 300 மீட்டர் போய் இரும்புக் கதவை மூடினார். ஆனால் பொட்டாஷில் நீர் புகுந்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

பிறகு ராபர்ட் டேவிஸின் கருவியில் பேரியம் ஹைட்ராக்சைடு வந்தது. 1931-ல் சீனக் கரையருகே பொசைடன் நீர்மூழ்கி மூழ்கியபோது சிலர் அதை அணிந்துதான் பிழைத்தார்கள்.

சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டேன். நீர் கலக்காத 1 கிலோ முழுதாக வேலை செய்தால், லித்தியம் ஹைட்ராக்சைடு சுமார் 920 கிராம் வாயுவைப் பிடிக்கும். சுண்ணாம்பு 590, பொட்டாஷ் 390, பேரியம் 260.

அப்படியானால் லித்தியம்தானே முதலிடம்? விண்வெளியில் ஆம். 1970-ல் அப்போலோ 13 வீரர்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் விலை அதிகம். அதன் தூள் தொண்டையை எரிக்கும், நனைந்தால் இன்னும் மோசம். அதனால் இன்று பெரும்பாலான முக்குளிப்பவர்கள் சோடா லைமையே நம்புகிறார்கள். அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு, மீதி ஈரமும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும். காஸ்டிக் சோடா கமிஷன் வாங்காத தரகர் மாதிரி: வாயுவை வாங்கிச் சுண்ணாம்பிடம் கொடுத்துவிட்டு, மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

இதிலும் ஆபத்து உண்டு. தீர்ந்துபோன சோடா லைம் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். நிறம் மாறும் வகையும் சும்மா வைத்தால் பழைய நிறத்துக்கே திரும்பக்கூடும். பாஸ்புக் இல்லாத கணக்கு! பயன்படுத்திய நேரத்தை அவரவர்தான் எழுதி வைக்க வேண்டும். "இன்னும் மிச்சம் இருக்கும்" என்ற கஞ்சத்தனத்துக்கு உயிர்தான் அபராதம்.

மகள் மீதித் தெளிநீரைப் பாட்டிலில் மூடி வைக்கப் போனாள். தேதி எழுதி ஒட்டச் சொன்னேன்.