குடும்பத் தலைவர் மட்டும்

2020 மார்ச் 16 இரவு பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை, இரண்டே வாரம் என்றுதான் அன்றைக்குப் பேச்சு. அந்த நாட்களைப் பற்றி ஜொகூர்க்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் பாலத்தைத்தான் சொல்வார்கள். 17ஆம் தேதி இரவு துணிப்பையோடு சிங்கப்பூருக்குள் ஓடிய மோட்டார்கள், தங்க இடமில்லாமல் கிராஞ்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்தவர்கள், மறுநாள் காலையில் ஈ காக்கை இல்லாமல் கிடந்த சாலை. 1924இல் முறைப்படி திறக்கப்பட்டு, 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே வெடிவைத்துத் தகர்த்த பாலம் அது. அதை மறுபடியும் வெறிச்சோடிப் பார்த்தது எங்கள் தலைமுறைக்கு அதிர்ச்சிதான். ஆனால் பாலம் படம் பிடிக்க வசதியான வரலாறு. மேலிருந்து ஒரு ட்ரோனை விட்டால் போதும்.

வீட்டை அப்படி எடுக்க முடியாது. அதனாலேயே அந்தக் காலத்தின் வீட்டு வாழ்க்கை இப்போதே மறக்கத் தொடங்கிவிட்டது. குறிப்பாகப் பாலத்தின் இரண்டு பக்கத்திலும் யாரும் இல்லாதவர்களின் வீடு. செனாய், பாசிர் கூடாங், இஸ்கண்டார் புத்ரி வட்டாரங்களில் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுத் தம்பதிகளைச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து உணவகத்துக்கு வந்தவர் நமக்கு 'வெளிநாட்டுத் தொழிலாளி'. அதே ஊரிலிருந்து தொழிற்சாலைக்கு இன்ஜினியராக வந்தவர் 'எக்ஸ்பாட்'. இந்தச் சொல் வித்தியாசத்தை நாம் கூச்சமே இல்லாமல் புழங்குகிறோம். மார்ச் 18 முதல் மலேசியா வெளிநாட்டவர் உள்ளே வருவதை நிறுத்தியது. 22இலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் விமானம் இறங்குவதை இந்தியா நிறுத்தியது. 25இல் அந்த நாடே மூடிக்கொண்டது. மே 7இல் 'வந்தே பாரத்' விமானங்கள் தொடங்கும்வரை இவர்களுக்கு நாடு என்பது வாடகை வீட்டின் நான்கு சுவர்தான்.

எங்கள் தாமானில் பக்கத்து வீட்டிலேயே அப்படி ஒரு தம்பதி இருந்தார்கள். நான் ஸ்கூடாயில் படிப்பு முடித்து, அங்கேயே நண்பர்களோடு வீடெடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். அண்ணன் திருநெல்வேலிப் பக்கம், தொழிற்சாலைத் தானியக்கத்தில் வேலை. அக்கா ஊரில் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். இங்கே அவர் கையில் இருந்தது 'பாஸ் தங்கோங்ஙான்'. சார்ந்திருப்பவருக்கான அனுமதி. 'தங்கோங்' என்றால் மலாயில் சுமப்பது, பொறுப்பேற்பது. ஆக, 'தங்கோங்ஙான்' சுமக்கப்படுபவர். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போக முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

அரசு அப்போது சொன்னது இது: சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர், அதுவும் குடும்பத் தலைவர், போனால் போதும். ஏப்ரல் 1 முதல் இரண்டாம் கட்டத்தில் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்தான் நடமாட்டம், கடைகளுக்குக் காலை 8 முதல் இரவு 8 வரைதான் நேரம் என்று இன்னும் இறுகியது. மீறினால் 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. 'குடும்பத் தலைவர்' யார் என்று எவரும் விளக்கவில்லை. கேட்கவும் இல்லை. மறுநாளே நாடு முழுக்க ஆண்கள் கையில் கைப்பேசியோடு காய்கறி வரிசையில் நின்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். இஞ்சிக்கும் லெங்குவாசுக்கும் வித்தியாசம் தெரியாத கணவன்மார்கள்! சிரிப்புக்கு நடுவில் ஒன்று நழுவிப் போனது. அதுவரை கடைக்குப் போய் வந்த பெண்ணுக்கு வெளியே போக இருந்த ஒரே காரணமும் அன்றோடு போயிற்று.

மார்ச் 18இலிருந்து மே 3 வரை 47 நாள். அதில் எத்தனை தடவை கேட்டைத் தாண்டினார் என்று பிற்பாடு அக்காவிடம் கேட்டேன். "குப்பை போடத்தான் தம்பி. அதையும் ஒருநாள் இவர் போட்டுட்டார், எனக்கு வந்த கோவத்தப் பாக்கணுமே." வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டு முருங்கை நின்றது. எங்கள் பேச்செல்லாம் அதன் கீழேதான். "ஊர்ல நானும் சம்பளம் வாங்கினேன். இங்க வந்தா நான் சுமைன்னு பாஸ்ல ஒட்டிட்டாங்க. இப்ப இவருக்குத் தலைவர் பட்டம் வேற" என்றார் ஒருமுறை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் கணவருக்கு எழுதிக்கொடுத்த சாமான் சீட்டுகள் எல்லாம் ஒரே நோட்டில் இருந்தன. அண்ணன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவார். மலாய்ப் பெயர்களைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அடையாளம் சொல்லியிருப்பார். 'பாயாம் - தண்டங்கீரை மாதிரி, சிவப்பு வேணாம்.' 'காச்சாங் பாஞ்சாங் - நம்ம தட்டாங்காய், முத்தாம பார்த்து.' 'முருங்கைக் கீரை கேட்டுட்டு நிக்காதீங்க, தம்பி வீட்டுல இருக்கு.' பின்பக்கம் பாத்திரம் யார் கழுவுவது என்று வாரக்கணக்கு. அண்ணனுக்கு இரண்டு நாள், அக்காவுக்கு ஐந்து. ஏப்ரலில் அதை அடித்துவிட்டு மூன்று, நான்கு என்று மாற்றியிருந்தது. அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் எத்தனை நாள் பேச்சில்லாமல் போனதோ! சுவர் மெல்லியது, எங்களுக்குக் கொஞ்சம் கேட்டது. அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

அதே மார்ச் கடைசியில்தான் மகளிர் அமைச்சு சில சுவரொட்டிகளை வெளியிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மனைவி ஒழுங்காக உடுத்தி ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், கணவனிடம் டோராமோன் குரலில் கொஞ்சிப் பேச வேண்டும் என்றெல்லாம் அறிவுரை. உலகமே சிரித்த பிறகு அமைச்சு மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டது. எனக்கு அது வெறும் நகைச்சுவையாகத் தெரியவில்லை. அரசு சமையலறை வரை வந்து எப்படிப் பேச வேண்டும் என்று சொன்ன தருணம் அது.

ஜொகூரில் அரசு சமையலறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவையும் இல்லை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950 ஜூன் 1இல் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரிலிருந்துதான் தொடங்கியது. காட்டோரம் குடியிருந்த சீனர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோனார்கள் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. தோட்டத் தொழிலாளர்களும் முள்கம்பிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போகக்கூடாது. அதற்காக அரிசிக்கு அளவு, இரவில் ஊரடங்கு, காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது வாயிலில் உடல் சோதனை. சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை. டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்துவைத்தால் கெட்டுப்போகட்டும் என்று. சில இடங்களில் வீட்டுக்கு அரிசியே கொடுக்காமல், பொதுவில் சமைத்த சோற்றை மட்டும் விற்றார்கள். சமைத்த சோறு ஒருநாள்கூடத் தாங்காதல்லவா. எங்கள் பாட்டி குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் புதுப்பெண்ணாக வந்தவர். கணவருக்கு மத்தியானச் சோறு கட்டிக்கொடுக்க முடியாத அந்தக் காலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். துப்பாக்கிச் சத்தம் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

அவசரகாலத்தையும் நோய்க்காலத்தையும் நான் சமமாக்கவில்லை. ஒன்று போர், மற்றது உயிர்காக்க வேண்டியிருந்த கட்டுப்பாடு. 47 நாள் கதவடைத்ததால் பிழைத்தவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம். ஆனால் இரண்டிலும் அரசின் கண்ணுக்கு வீடு ஓர் எண்ணாகத்தான் தெரிந்தது: இத்தனை கட்டி அரிசி, இத்தனை கிலோமீட்டர், ஒரு தலைவர். 2020 மார்ச் 27இல் நாட்டிலேயே முதன்முதலாக ஊரை முழுசாக அடைத்ததும் எங்கள் குளுவாங் மாவட்டத்தில்தான். சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு குடியிருப்புகள், சுமார் 650 வீடுகள். யாரும் வெளியே வரக்கூடாது, உணவு உள்ளே வரும். அடுத்த மாதம் கோலாலம்பூரில் மஸ்ஜிட் இந்தியா பக்கம் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் அடுக்ககங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். பாட்டி உயிரோடு இருந்திருந்தால் தொலைக்காட்சியில் அந்தக் கம்பியைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு அடைப்பு வீட்டுக்கு வெளியே முடிந்துவிட்டது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ குடியேற்ற முகாமில் இருந்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். பினாங்கில் இறங்கினால் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அது கழிந்தால்தான் தோட்டம், லயம், அடுப்பு. வீடு என்பது காவலுக்கு அப்புறம் வருவது. 2020இல் வீடே ஜெரெஜாக் ஆனது. சயாம் ரயில்பாதைக்குப் போனவர்களைப் பற்றி ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்றவர்கள் நாவல் எழுதி வைத்தார்கள், நல்லவேளை. லயத்தில் அடுப்பைக் காத்துக்கொண்டிருந்தவர்கள் என் வாசிப்பில் அந்த அளவுக்கு வரவில்லை. நம் தலைமுறையும் பாலத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடக்கூடாது என்பது என் கவலை. சாமான் சீட்டுகள் சரித்திர ஆவணம் இல்லை என்று யார் சொன்னது?

ஜூன் 10இல் கட்டுப்பாடு நன்றாகத் தளர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் கடற்கரைக்கும் கேமரனுக்கும் கிளம்பினோம். பக்கத்து வீட்டுக்கு அப்போதுதான் உண்மையான பூட்டு விழுந்தது. ஊரில் அக்காவின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. போகலாம், விமானம் இருந்தது. திரும்பி வர முடியுமா என்பதுதான் கேள்வி. செப்டம்பர் 7 முதல் இந்தியா உள்பட பல நாட்டவர் உள்ளே வர மலேசியா தடை போட்டது. நீண்டகாலப் பாஸ் வைத்திருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. அண்ணனுக்கு விடுப்பு இல்லை. ஒருவர் போனால் இரண்டு வீடு ஆகிவிடும், எத்தனை மாதத்துக்கென்று சொல்ல ஆள் இல்லை. இருவரும் இரண்டு வாரம் பேசிப் பேசி, கடைசியில் அக்கா போகவில்லை. முடிவு யாருடையது என்று நான் கேட்டதில்லை.

அக்டோபரில் அப்பா தவறினார். அடக்கத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தார்கள். ஊரில் யாரோ கைப்பேசியைப் பிடித்திருந்தார்கள், பாதி நேரம் வானம்தான் தெரிந்தது என்றார் அண்ணன். பதினாறாம் நாள் இங்கேயே படையல் போட்டார்கள். நாங்கள் பின்கட்டு வாழையிலிருந்து இலை அறுத்துக் கொடுத்தோம். அந்த மாதம் ஜொகூரில் யார் கடைக்குப் போகலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. அன்று விடியற்காலையில் அக்கா நோட்டை எடுக்கவில்லை. அண்ணனையும் எழுப்பாமல், தனியாகப் பாசாருக்கு நடந்து போய், வாழைக்காயும் பூசணியும் தட்டாங்காயும் தானே விலை கேட்டு வாங்கிவந்தார்.