அலையை உடைக்கிற காடு



"மலிவா வர்ற வெளிநாட்டுப் பொருளுக்கு வரி எதுக்கு?" என்று எதிரணி நண்பர் கேட்டார். ஐயா, அதை வெள்ளைக்காரனிடம் கேளுங்கள்! 1690இல் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியவன், இந்தக் கரைத் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றினான். ஆனால் 1700இல் அவன் நாட்டுச் சட்டம் இந்திய அச்சுத் துணி விற்பனையைத் தடுத்தது. 1721இல் உடுத்தவே தடை! காரணம்? அவன் ஊர் நெசவாளி பிழைக்கணும்.

நாம என்ன செஞ்சோம்? எங்க பக்கம் நிலக்கடலையை மல்லாட்டைன்னு சொல்லுவோம். 1986இல் எண்ணெய்வித்து இயக்கம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாடு ஏறக்குறையத் தன்னிறைவு அடைந்தது. 1994இல் பாமாயிலுக்குக் கதவு திறந்தது. வரி 65 சதவீதம். 1998இல் அது 15! மல்லாட்டைக்காரன் எப்படித் தாங்குவான்? இன்று பாதி எண்ணெய்க்கு மேல் இறக்குமதி.

"எண்ணெய் மலிஞ்சா எங்களுக்கு நல்லதுதானே?" என்பீர்கள் தாய்மார்களே. நியாயம்தான். ஆனால் 2022இல் இந்தோனேசியா சில வாரம் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதே, அப்போ நம்ம வாணலி யார் கையில் இருந்தது?

நான் பிச்சாவரத்துப் பக்கத்துக்காரன். எங்க சுரபுன்னைக் காடு கடலை அடைச்சு வைக்கல. தண்ணி வருது, மீன் வருது, படகும் போகுது. ஆனால் 2004 சுனாமியில் அலையின் வேகத்தை உடைச்சுது. பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைஞ்சுது. உழவனுக்கு வரியும் அப்படித்தான். கதவைச் சாத்தச் சொல்லல, நடுவர் அவர்களே. காட்டை வெட்டாதீங்கன்னுதான் சொல்றேன்!