விழிஞ்ஞத்தின் கரைக்காவல்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், கோவளத்தை ஒட்டி, பாறைக் குன்றுகள் கடலுக்குள் நீண்டு நிற்கும் இடத்தில் விழிஞ்ஞம் அமைந்திருக்கிறது. கேரளக் கடற்கரையின் பெரும்பகுதி தாழ்ந்த மணற்பரப்பு. ஏறி நின்று தொலைவு பார்க்க இயற்கையான மேடு கிடைக்கும் இடங்கள் அங்கே குறைவு. விழிஞ்ஞம் அவற்றில் ஒன்று. கரைக்கு அருகிலேயே கடலின் ஆழம் 18 முதல் 20 மீட்டர் வரை இருக்கிறது. மேற்கையும் கிழக்காசியாவையும் இணைக்கும் பன்னாட்டுக் கப்பல் பாதை இங்கிருந்து ஏறத்தாழ பத்துக் கடல்மைலில் செல்கிறது. மேடும் ஆழமும் சேர்ந்து கிடைத்ததால் குன்றிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த ஊரில் பழைய வேலை. அரசர்கள் எதிரிக்காகப் பார்த்தார்கள், துறைமுகத்தார் கப்பலுக்காகப் பார்த்தார்கள், மீனவர்கள் தங்கள் வீட்டு ஆண்களுக்காகப் பார்த்தார்கள். கடைசிக் காவலுக்குக் கல்வெட்டும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. ஆனால் விட்டுப்போகாமல் தொடர்ந்தது அது ஒன்றுதான்.

அரசர்களின் காவலுக்குச் சான்று நிறைய உண்டு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் விழிஞ்ஞம் ஆய் அரசர்களின் தலைமைத் துறைமுகம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் ஆய்வேளை வென்று விழிஞ்ஞத்தை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. முதலாம் இராசராசனின் படை இந்த ஊரைக் கைப்பற்றியதைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடு, கடலையே அகழியாகவும் உயர்ந்த மதிலைக் காப்பாகவும் கொண்ட ஊர் என இதை வருணிக்கிறது. முதலாம் குலோத்துங்கனின் விழிஞ்ஞ வெற்றி கலிங்கத்துப்பரணியிலும் இடம்பெறுகிறது. மூன்று நூற்றாண்டுகளில் இத்தனை முறை தாக்கப்பட்ட துறைமுகத்தில் குன்றுகளின் மேல் கண் விழித்து இருந்தவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்கள் யார், எத்தனை பேர் என்பதைச் செப்பேடுகள் சொல்வதில்லை. வென்றவர்களின் பெயர்களே அவற்றில் நிற்கின்றன. அந்தக் காலத்தின் எச்சமாக ஒரு சிறு குடைவரைக் கோயில் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. பின்னர் 1644-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது. வணிகம் மெல்ல மற்ற துறைமுகங்களுக்கு நகர, விழிஞ்ஞம் மீன்பிடி ஊராகச் சுருங்கியது.

மீனவர்களின் காவல் அன்றாடத் தேவையிலிருந்து வந்தது. கரைமடி வலை இழுக்கும் கரைகளில் அது மீனைக் காண்பதிலிருந்தே தொடங்கும். தண்ணீரின் நிறம் மாறுவதையும் பறவைகள் தாழ்ந்து பாய்வதையும் வைத்து மீன் கூட்டத்தை அறிவார்கள். உயரமான பாறையில் நிற்பவருக்கு அது வள்ளத்தில் இருப்பவரைவிட முன்னதாகத் தெரியும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலும் மத்தி வகை மீனின் கூட்டத்தைக் குன்றிலிருந்து பார்த்துக் கூவி, சைகையால் படகை வழிநடத்தும் காவலர்கள் இருந்தார்கள். நியூகே ஊரில் அவர்களின் வெள்ளைக் குடிசை இன்றும் நிற்கிறது.

அதைவிடக் கடினமானது திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருப்பது. கட்டுமரம் இரவில் திரும்ப நேரமானால், காய்ந்த தென்னோலையைக் கற்றையாகக் கட்டிய சூட்டைக் கொளுத்திக் காட்டுவது கரையிலிருப்பவர்களின் கடமை. விளக்குக் கோபுரம் இல்லாத கரையில் அதுவே விளக்கு. விழிஞ்ஞத்து மாதா கோயில் கடற்பயணத்தின் காவலாகிய சிந்து யாத்திரை மாதாவின் பெயரில் இருப்பதும் அந்தக் காத்திருப்பை நினைவூட்டுகிறது.

கரையிலிருந்து கடலைப் பார்ப்பது ஒரு பாதி என்றால், கடலிலிருந்து கரையைப் பார்ப்பது மறுபாதி. இந்தப் பகுதி மீனவர்கள் அதைக் கணிச்சம் என்கிறார்கள். கரைக்கு அருகில் இருக்கும் ஒரு பொருளையும், அதற்குப் பின்னால் வெகுதொலைவில் இருக்கும் இன்னொன்றையும் ஒரே நேர்கோட்டில் வரவைக்க வேண்டும்: தேவாலயக் கோபுரத்தின் பின்னால் ஒரு மலை முகடு, ஒரு பாறையின் பின்னால் ஒரு குன்று. வேறு திசையில் இதே போல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வள்ளம் நிற்கிறது. கடலடிப் பாறைத் திட்டுகளான பாரு எனப்படும் மீன்களங்களை ஆண்டுதோறும் தவறாமல் கண்டடைந்தது இந்த முறையில்தான். ஆழக்கடலுக்குப் போகப் போகத் தென்னைகள் மறையும், பிறகு கோபுரங்கள் மறையும், கடைசியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகள் மட்டும் மிஞ்சும். எது மறைந்தது, எது மிஞ்சியது என்பதிலிருந்து கரையின் தொலைவையும் ஆழத்தையும் கணிப்பார்கள். ஏட்டில் எழுதாமல் தந்தையிடமிருந்து மகனுக்குப் போன இந்த அறிவு, எந்தக் கடல் வரைபடத்துக்கும் குறைந்ததில்லை. ஜி.பி.எஸ். கருவி வந்தபின் இளைஞர்கள் இதைக் கற்பது குறைந்துவிட்டது. அதைத் தொகுத்துப் பதிவு செய்யும் வேலை இன்னும் விரிவாக நடக்க வேண்டும்.

கப்பல்களுக்கான காவல் விழிஞ்ஞத்துக்கு மிகத் தாமதமாகவே வந்தது. திருவிதாங்கூர் அரசு 1862-ல் ஆலப்புழையில் கலங்கரை விளக்கம் ஏற்றியது. கொல்லம் தங்கசேரியில் 1902-ல் ஒன்று எழுந்தது. தெற்கே முட்டத்தில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே விளக்கு வந்துவிட்டது. இடையில் இருந்த விழிஞ்ஞத்தில் கொடிமரம் போன்ற பகல் அடையாளங்கள் மட்டுமே இருந்திருக்கலாம். 1960-களில் திட்டமிடப்பட்ட பெரிய விளக்கம் 1972 ஜூன் 30-ல் எரியத் தொடங்கியது. கோவளம் கடற்கரையின் தென்முனையிலுள்ள குன்றின் மேல், சிவப்பும் வெள்ளையுமான பட்டைகள் பூசிய உருளை வடிவக் கோபுரமாக, சுமார் 36 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. அதன் பெயராலேயே அந்தக் கடற்கரை லைட்ஹவுஸ் பீச் ஆனது.

கலங்கரை விளக்கம் தொலைதூரக் கப்பலுக்கு வழி சொல்கிறது. அதன் காவலரின் பொறுப்பு விளக்கு அணையாமல் இருப்பது. கரையிலிருந்து சில மைலுக்குள் கவிழும் சிறு வள்ளத்தைத் தேடிக் கண்டறிவது அந்தப் பணியின் வரம்புக்குள் வருவதில்லை. கோபுரம் வந்தபின் மீனவர்களுக்குக் கணிச்சத்துக்கு உறுதியான ஓர் அடையாளம் கிடைத்தது. ஆனால் தங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர்களிடமே இருந்தது.

இதே இடைவெளி உலகின் பிற இடங்களிலும் தன்னார்வலர்களால் நிரப்பப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1910-ல் ஐடாஹோ, மொன்டானா காடுகளில் பன்னிரண்டு லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பரவிய பெருந்தீக்குப் பிறகு மலையுச்சிகளில் தீக் காவல் கோபுரங்கள் பெருகின. விமானமும் செயற்கைக்கோளும் வந்தபின் பல மூடப்பட்டன. 1990-ல் தொடங்கிய காவல் கோபுரச் சங்கத்தின் முயற்சியாலும் பிறராலும் சில கோபுரங்களில் இன்றும் தன்னார்வலர்கள் அமர்ந்து புகை தேடுகிறார்கள். பிரிட்டனில் நடந்தது விழிஞ்ஞத்துக்கு இன்னும் நெருக்கமானது. கடலோரக் காவல்படை சிறிய காவல் நிலையங்களை மூடியபின், கார்ன்வாலின் லிசர்ட் முனையில், மூடப்பட்ட ஒரு நிலையத்துக்கு அருகிலேயே இரண்டு மீனவர்கள் மூழ்கி இறந்தார்கள். 1994-ல் உள்ளூர்க்காரர்கள் அந்த நிலையத்தைத் திறந்து தாங்களே முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த தேசியக் கடற்கரைக் கண்காணிப்பு நிறுவனம் இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட நிலையங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டே நடத்துகிறது.

விழிஞ்ஞத்தில் அப்படி முறையான அமைப்பு எதுவும் தானாக உருவாகவில்லை. துயரங்களே ஒவ்வொரு படியையும் உண்டாக்கின. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கேரளக் காவல்துறை மீனவர்களைச் சேர்த்து கடலோர ஜாக்கிரதா சமிதிகளை அமைத்தது. நோக்கம் பாதுகாப்பு: அந்நியப் படகு தெரிந்தால் தகவல் தர வேண்டும். மீனவனின் உயிரைக் காக்கும் காவல் அதில் பின்னுக்குப் போயிற்று.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் உருவானபோது அந்தக் குறை வெளிப்பட்டது. எச்சரிக்கை கரையை எட்டுவதற்குள் விழிஞ்ஞம், பூந்துறை, குமரி மாவட்டக் கரைகளிலிருந்து நூற்றுக்கணக்கான வள்ளங்கள் ஆழ்கடலில் இருந்தன. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடிக்கொண்டிருந்த நாட்களிலேயே மீனவர்கள் தங்கள் வள்ளங்களை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். நீரோட்டம் உடைந்த வள்ளத்தை எந்தப் பக்கம் இழுத்துச் செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். பலரை உயிருடனும் சிலரைப் பிணமாகவும் கொண்டுவந்தார்கள். இரு மாநிலங்களிலும் இறந்தவர்களும் திரும்பாதவர்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கானோர். தங்கள் வீடுகளில் துக்கம் ஆறாத நிலையில், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, இதே கரையின் மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குப் போனார்கள். 669 வள்ளங்களுடன் சென்ற மீனவர்கள் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதாகக் கணக்கு. கூலி எதிர்பாராமல் போனவர்கள் அவர்கள். அரசு அறிவித்த படியை வேண்டாம் என்றவர்களும் உண்டு.

அதன் பிறகே அரசு இந்தக் காவலை வேலையாக ஏற்றது. ஒக்கிக்குப் பின் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் கடலோரக் காவல்துறையில் வார்டன்களாகச் சேர்க்கப்பட்டனர். மீட்புப் பணிக்காக மீனவர்கள் கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சி பெற்றனர். 2020-ல் மீன்வளத் துறையின் மூன்று கடல் ஆம்புலன்ஸ்களில் ஒன்றான ‘பிரதீக்ஷா’ விழிஞ்ஞத்துக்கு வந்தது. 2024 ஜூலையில் முதல் பெரிய கொள்கலன் கப்பல் விழிஞ்ஞத்தில் கட்டப்பட்ட புதிய துறைமுகத்தை அடைந்தபின் கப்பல்களின் வரவும் போக்கும் கருவிகளால் கண்காணிக்கப்படுகின்றன. பெரிய கப்பல்கள் ஓடும் நீரிலேயே சிறு வள்ளங்களும் வலை விரிப்பதால், கரைமேட்டிலிருந்து அவற்றுக்காகக் கண் வைத்திருக்கும் காவல் முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது. குன்றில் ஒரு தனி நிலையமும் வி.எச்.எப். வானொலியும் முறை வைத்து அமர உள்ளூர் மீனவர்களும் இருந்தால் அது நடக்கும். அதற்கான அறிவு அந்தக் கரையிலேயே இருக்கிறது.