பருத்திக் காயும் கைபேசிக் கண்ணும்

ஒரு புதிருடன் தொடங்குவோம். பச்சைப் பருத்திக் காய் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. வெளியே ஓட்டை இல்லை, நிறம் மாறவில்லை, அழுகலும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு புழு விதையைத் தின்றுகொண்டிருக்கிறது. காயை உடைக்காமல் அதை எப்படி அறிவீர்கள்?

அறிய முடியாது என்பதே விடை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவந்ததும் இளங்காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிடுகிறது. அது நுழைந்த வழி விரைவில் தூர்ந்துபோகிறது. அதன்பின் எந்த மருந்தைத் தெளித்தாலும் அது காயின் தோல்மேல்தான் படியும்; புழுவைத் தொடாது. காய் வெடித்துக் கறைபடிந்த பஞ்சு வெளிப்படும்போதுதான் நட்டம் தெரிகிறது. அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை.

எனவே மருந்து எது என்பதைவிட, மருந்தடிக்க வேண்டிய நாள் எது என்பதே உழவரின் பெரிய கேள்வி. இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 180 ஆண்டுகள் நீண்டது. அதில் கடைசியாக வந்து சேர்ந்த கருவி, நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி!

பெயர் பெற்ற புழு

1842ஆம் ஆண்டில் குஜராத்தின் பரூச் பகுதிப் பருத்தியில் ஒரு புழு பெருஞ்சேதம் விளைவித்தது. அங்கிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்த ஆங்கிலப் பூச்சியியல் அறிஞர் வில்லியம் வில்சன் சாண்டர்ஸ், 1843இல் அதை விவரித்துப் பெயர் சூட்டினார். பின்னர் அப்புழு விதைகளுக்குள் ஒளிந்து கப்பலேறியது. 1911இல் அது மெக்சிகோவுக்குச் சென்று சேர்ந்தது; 1917இல் அமெரிக்காவின் டெக்சாசில் காணப்பட்டது. பருத்தி விதை சென்ற நாடுகளுக்கெல்லாம் அதுவும் உடன் சென்றது எனலாம்.

உள்ளே இருக்கும் புழுவைக் காண முடியாது. ஆனால் அதன் தாயும் தந்தையுமான அந்துப்பூச்சிகள் வெளியேதானே பறக்கின்றன? அவற்றை எண்ணினால், வரப்போகும் புழுக்களைப் பற்றி முன்கூட்டியே அறியலாம் அல்லவா? எண்ணம் எளியது. ஆனால் இரவில் பறக்கும் சின்னஞ்சிறு பூச்சியை எப்படி எண்ணுவது?

1959இல் நடந்த இரண்டு

1959இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் அடால்ஃப் பூட்டனண்ட், பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்கப் பயன்படுத்தும் மணப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்காக அவரது குழுவினர் சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளைப் பயன்படுத்தினர். இத்தகைய பொருள்களே இனக்கவர்ச்சிப் பொருள்கள், அதாவது ஃபெரோமோன்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் ஃபெரோமோன் 1973இல் சரியாகக் கண்டறியப்பட்டது. இன்று அதைச் செயற்கையாகச் செய்து, சிறு ரப்பர் குப்பியில் ஏற்றி, பொறிக்குள் தொங்கவிடுகிறார்கள். துணை தேடி வரும் ஆண் பூச்சி பொறியில் சிக்குகிறது.

அதே 1959இல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்னும் நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பூச்சியைக் கண்டவுடன் மருந்தடிப்பது தவறு. அதன் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தொடும்போதுதான் அடிக்க வேண்டும் என்றனர். இதையே பொருளாதாரச் சேத நிலை என்கிறோம். நம் நாட்டில் இப்புழுவுக்குச் சொல்லப்படும் வரம்பு மிக எளியது: ஒரு பொறியில், ஓர் இரவில், 8 பூச்சிகள், தொடர்ந்து 3 இரவுகள். நினைவில் வையுங்கள், இக்கட்டுரையின் மைய எண் இந்த எட்டுதான்.

விதைக்குள் ஒரு காவலன்

இடையில், எண்ணும் வேலையே தேவையில்லை என்று தோன்றச் செய்த ஒரு காலம் வந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் ஜீனைப் பெற்ற பி.டி. பருத்திக்கு 2002இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. புழுவுக்கு நஞ்சாகும் புரதத்தைச் செடியே செய்துகொண்டது. 2006இல் இரண்டு ஜீன்கள் கொண்ட வகையும் வந்தது. மருந்தடிப்பு குறைந்தது, பொறிகள் மறக்கப்பட்டன. ஆனால் அந்த நஞ்சைத் தாங்கிப் பிழைத்த சில புழுக்கள் பெருகின. குஜராத்தில் முதல் ஜீனை வென்ற புழுக்கள் இருப்பது 2010இல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரண்டாவதும் தோற்றது.

பயந்த உழவர் மீண்டும் தெளிப்பானைத் தூக்கினார். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று மருந்தடித்தவர்கள் நஞ்சேறிச் சாய்ந்தனர். சுமார் 20 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தேவையற்ற ஒரு தெளிப்பு என்பது வெறும் பணச் செலவு அன்று. அது ஓர் உயிரின் விலையாகவும் இருக்கக்கூடும்.

எண்ணுவது யார்?

பொறி உண்டு, வரம்பும் உண்டு. பிறகு ஏன் இந்த நிலை? எண்ண ஆள் இல்லை. ஒரு வேளாண் அலுவலர் எத்தனை ஊர்களுக்குத்தான் செல்வார்? மகாராஷ்டிர அரசு 2009இல் பூச்சிக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வயல்களில் எண்ணிக்கை எடுத்துக் குறுஞ்செய்தியாக அறிவுரை அனுப்பியது. நல்ல தொடக்கம்தான். ஆயினும் ஒவ்வொரு வயலுக்கும் அன்றன்றே விடை சொல்ல மனிதக் கண்கள் போதவில்லை.

இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. சிலிக்கன் மேல் ஒளி விழுந்தால் அதனுள் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒளி மிகுந்த இடத்தில் அதிகம். குறைந்த இடத்தில் குறைவு. அவற்றை அளந்தால் படம் எண்களாகிவிடும். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் இருவரும் இதற்கான முதற்கருவியை உருவாக்கி, 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1990களில் எரிக் ஃபாசம் குழுவினர் செம்மைப்படுத்திய மற்றொரு வகை உணர்வியே இன்று கைபேசிகளில் இருக்கிறது.

படம் எண்ணாகிவிட்டால், கணிப்பொறிக்கு அதைக் கற்பிக்கலாம். "இது பூச்சி, இது இலைத்தூசி" என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, தவறும்போதெல்லாம் அதன் உள்ளெண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவதே இம்முறை. 2016இல் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் 54,306 இலைப் படங்களைக் கொண்டு பயிர் நோய்களைக் கற்பித்தனர். அதே தொகுப்பின் புதுப் படங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை! ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது 31 விழுக்காடாகச் சரிந்தது. ஆய்வகத்தில் கற்ற கண் வயலில் தடுமாறியது. மாணவர்களே, பாடநூல் கணக்கை மட்டும் போட்டுப் பழகியவர் தேர்வில் தடுமாறுவதும் இப்படித்தான்!

வெள்ளைத் தாளில் விடை

மும்பையில் 2018இல் தொடங்கப்பட்ட வாத்வானி செயற்கை நுண்ணறிவு நிறுவனம், இந்தப் பாடத்தை மனத்தில் கொண்டது எனலாம். செடி முழுவதையும் பார்த்து நோய் சொல்லும் கடினமான வேலையை விட்டு, எளியதொரு கேள்வியைத் தேர்ந்தது: பொறியில் எத்தனை பூச்சி? இப்பணிக்கு 2019இல் கூகிள் நிறுவனம் 20 லட்சம் டாலர் வழங்கியது.

பொறியில் விழுந்த பூச்சிகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுக்க வேண்டும். கைபேசிச் செயலி அவற்றை எண்ணி, வரம்போடு ஒப்பிட்டு, மருந்தடிக்கலாமா, பொறுக்கலாமா என்று சொல்கிறது. ஊருக்குச் சிலர் பொறி வைத்துப் படம் எடுக்க, அறிவுரை சுற்றியுள்ள சிறு உழவர்களுக்கும் போகிறது. இணையம் எட்டாத வயலிலும் இயங்கும்படி கணிப்பு முறையைச் சுருக்கிக் கைபேசிக்குள்ளேயே வைத்தனர். பொறிக்குத் தொடர்பில்லாத படத்தைக் காட்டினால் தள்ளிவிடவும் அதற்குக் கற்பித்துள்ளனர்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மணம் தீர்ந்த குப்பியை மாற்றாவிட்டால் பொறியில் பூச்சி விழாது. கைபேசி "பொறுங்கள்" என்றுதான் சொல்லும். அது பொய்யான ஆறுதல். மேலும், பூச்சிக்கு வரப்புத் தெரியாது. அறுவடைக்குப் பின்னும் ஒருவர் வயலில் நிற்கும் பருத்திமாரும் அதில் தொங்கும் சொத்தைக் காய்களும், அடுத்த பருவத்தில் ஊருக்கே பூச்சியைத் தரும். பருத்திமாரைக் காலத்தே அகற்ற ஊர் ஒன்றுகூட வேண்டும். அந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

நம் புதிருக்குத் திரும்புவோம். காய்க்குள் இருக்கும் புழுவைக் கைபேசியும் காணாது. அது காண்பது தாளில் கிடக்கும் பூச்சிகளை மட்டுமே. ஆனால் அவை ஏழா, எட்டா என்று அன்றே தெரிந்துகொண்ட உழவர், அச்சத்தால் அன்றி அறிவால் முடிவெடுக்கிறார். தெளிப்பானைத் தோளில் ஏற்றாமல் அவர் வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும், 180 ஆண்டுத் தேடலின் பயன் அல்லவா?