மீட்டர் முள்ளின் கதை

ஸ்கூட்டர், கார், பாய்லர், பிரஷர் பார்க்கும் கருவி என்று நம் தலைமுறை எத்தனையோ முட்களைப் பார்த்தே காலம் கழித்தது. அந்த முள்ளை எது நகர்த்துகிறது என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். அது 170 வருடங்களுக்கு மேற்பட்ட கதை.

1849-ல் பாரிஸில் யூஜின் பூர்டோன் பேடன்ட் வாங்கிய பிரஷர் கேஜில் வளைந்த, தட்டையான ஒரு குழாய் இருந்தது. அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கும். 1888-ல் எட்வர்ட் வெஸ்டன் செய்த மீட்டரில், அளக்கவேண்டிய மின்சாரமே காந்தத்துக்கு நடுவில் இருந்த காயிலைத் திருப்பியது. 1902-ல் ஓட்டோ ஷூல்ட்ஸே பேடன்ட் பெற்றது நமக்கெல்லாம் தெரிந்த கேபிள் ஸ்பீடோமீட்டர். கேபிள் சுழற்றும் காந்தம் பக்கத்திலுள்ள உலோகக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. அளக்கப்படும் பொருளே முள்ளைத் தள்ளியது. அது நின்றால் முள் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கேபிள் அறுந்த வண்டியில் முள் படுத்துவிட்டதைப் பார்த்தே மெக்கானிக் கோளாறைச் சொல்லிவிடுவார்.

வண்டிக்குள் எலெக்ட்ரானிக்ஸ் நுழைந்ததும் இந்த நேரடி உறவு அறுந்தது. வேகத்தை சென்சார் எண்ணும்; கம்ப்யூட்டர் கணக்குப் போடும்; முள் எங்கே நிற்க வேண்டும் என்று அதுவே சொல்லும். சொன்ன இடத்தில் முள்ளை நிறுத்த ஸ்டெப்பர் மோட்டார் வந்தது. இது கடிகாரத்தின் பங்காளி. பிரெஞ்சு எஞ்சினியர் மாரியஸ் லவே 1936-ல் பேடன்ட் பெற்ற சின்ன மோட்டாரின் வழி வந்தவைதான் குவார்ட்ஸ் வாட்சின் முள்ளைத் தட்டித் தட்டி நகர்த்துகின்றன. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ரான் வாட்சிலும் ஸ்டெப்பர் மோட்டார்தான்.

கார் டயலுக்கென்று சுவிட்சர்லாந்தின் ஸ்விடெக் செய்த எக்ஸ்25.168 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். உள்ளே 180-க்கு 1 என்று வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள். முள் 315 டிகிரி வரை திரும்பும். ஒரு ஸ்டெப் டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக மொத்தம் 945 ஸ்டெப். இது போதாதா என்றால், போதாது. முள் தத்தித் தத்திப் போவதைக் கண் கண்டுபிடித்துவிடும்.

இங்கேதான் மைக்ரோஸ்டெப் வருகிறது. இரண்டு காயில்களிலும் கரண்டை ஒரேயடியாக மாற்றாமல், ஒன்றில் கொஞ்சம் கூட்டி மற்றதில் கொஞ்சம் குறைத்தால், காந்தம் நடுவழியிலும் நிற்கும். டிகிரிக்கு 12 மைக்ரோஸ்டெப் என்றால் 315 டிகிரிக்கு 3,780. முள் வழுக்கிக்கொண்டு போகும்.

பழைய டயலை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் இந்த மோட்டாரைப் பொருத்த நினைப்பவர்களுக்கு டிரைவர் சிப் தேர்வுதான் முக்கியம். 3டி பிரின்டரில் வரும் ஏ4988 மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது 2 ஆம்பியர் வரை தாங்கும் பெரிய மோட்டார்களுக்கானது. மோட்டாருக்கு 8 வோல்ட்டாவது வேண்டும். நம் மோட்டாரோ 5 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் அளவே குடிக்கும். கொசுவுக்குக் கோடாலி எதற்கு? மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து நேரடியாகவும் ஓட்டலாம். ஆனால் ஒரு மோட்டாருக்கு நாலு கம்பி, நாலு முள்ளுக்குப் பதினாறு. எக்ஸ்12.017 என்ற சிப்போ, அதற்கு இணையான விஐடி6606-ஓ இதே வேலைக்கென்று பிறந்தவை. ஒரே சிப் நாலு மோட்டாரை ஓட்டும். மோட்டாருக்கு இரண்டே சிக்னல்: ஒன்று அடியெடுத்து வைக்க, மற்றது எந்தப் பக்கம் என்று சொல்ல. மைக்ரோஸ்டெப் கணக்கை சிப்பே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் எந்த சிப் வாங்கினாலும், முள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அது எண்ணிக்கையை நம்புகிறது. எடுத்த எடுப்பில் வேகமாக விரட்டினால் மோட்டார் சில ஸ்டெப்பைத் தவறவிடும். கணக்கு 60 என்று சொல்லும், முள் 50-ல் நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் முள்ளைப் பூஜ்யத்துத் தடுப்பில் கொண்டுபோய் முட்டவைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். இன்னொன்று: இழுக்க ஸ்பிரிங் இல்லாததால், ஓடும்போதே கரண்ட் போனால் முள் விட்ட இடத்திலேயே நிற்கும். செத்துப்போன மீட்டர் 80 என்று காட்டும்!

கார் என்றால் சமாளித்துவிடலாம். பாய்லரிலோ ஆக்சிஜன் சிலிண்டரிலோ அப்படி ஒரு முள்ளை மட்டும் நம்ப முடியுமா? பாய்லர் மேலேயும் சிலிண்டர் ரெகுலேட்டரிலும் இன்றும் பூர்டோன் குழாய் கேஜ் இருப்பதைப் பார்க்கலாம். கரண்டே இல்லாவிட்டாலும் அது உள்ளே இருக்கும் அழுத்தத்தைத்தான் காட்டும். அழகுக்கும் நுணுக்கத்துக்கும் புதிய முள் இருக்கட்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழைய முள்ளும் பக்கத்திலேயே இருக்கட்டும்.