மூன்று மாதமும் மூன்று ஆண்டும்: ஏழை நோயாளிகளுக்கான மருத்துவர் பயிற்சி

1. சிக்கல்

தமிழகத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்புப் படிக்கும் மருத்துவர்கள் (பி.ஜி.க்கள்), மூன்று ஆண்டும் பெரும்பாலும் ஏழைகளையே பார்க்கிறார்கள். ஆகவே ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் பயிற்சி அவர்களுக்குத் தானாகவே வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அடுத்த முறை அவர் வரும்போது அந்த நாற்காலியில் வேறொரு பி.ஜி. இருப்பார். சர்க்கரை ஏன் குறையவில்லை என்ற கேள்விக்கு மருந்தின் அளவை மாத்திரம் கூட்டிக்கொண்டே போனால் பதில் கிடைக்காது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வர முடிகிறது என்பதோ, இன்சுலினைக் கெடாமல் வைக்க வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பதோ காரணமாக இருக்கலாம். நோயாளி இவற்றை முதல் சந்திப்பில் சொல்வதில்லை. தெரிந்த முகமாகிவிட்ட மருத்துவரிடம்தான் சொல்வார்.

2. மாவட்ட உறைவிடத் திட்டம்

2020இல் வெளியான மருத்துவப் பட்டமேற்படிப்பு விதித் திருத்தம், எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மாவட்ட மருத்துவமனை அளவில் மூன்று மாதம் பணியாற்றுவதைக் கட்டாயமாக்கியது. இது நல்ல தொடக்கம். எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்காத இடத்தில், கையாலும் காதாலும் நோயை அறியும் பழக்கம் வரும். ஆனால் மூன்று மாதத்தில் இடம் பழகுமே தவிர நோயாளி பழக மாட்டார். நாள்பட்ட நோயின் போக்கைக் காண அந்தக் காலம் போதாது.

3. பிராங்க்ஸ் காட்டிய வழி

நியூயார்க்கின் வறிய பகுதியான பிராங்க்ஸில், மான்டிஃபியோர் மருத்துவமனை 1970இல் சமூக மருத்துவத்துக்கென்றே தனிப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. பெரிய மருத்துவமனையில் வார்டுப் பணி பார்க்கும் அதே மருத்துவர், பயிற்சிக் காலம் முழுவதும் குடியிருப்புப் பகுதியிலுள்ள சுகாதார மையத்துக்கும் தவறாமல் போய்வருவார். அங்கே அவருக்கென்று நோயாளிகள் உண்டு. போன மாதம் தான் எழுதிய மருந்து வேலை செய்யவில்லை என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வறுமையைப் பற்றிய நூறு வகுப்புகளைவிட இந்தப் பொறுப்பு வலிமையான ஆசிரியர் என்பது என் துணிபு. ஏழை நோயாளியைக் கடந்து போகிறவராக அல்லாமல், அவருக்குக் கடமைப்பட்டவராக மருத்துவரை மாற்றுவது அதுவே.

4. நம்மிடம் இருப்பது

இதற்கான அடித்தளம் தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களில் பலர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றிவிட்டு வருகிறார்கள். எந்த ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அறுவடைக் காலத்தில் யார் மாத்திரை வாங்க வரமாட்டார்கள் என்பதெல்லாம் பேராசிரியர்களைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவைக் கல்லூரி கேட்டு வாங்குவதே இல்லை. அது பெரிய இழப்பு.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம், இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அந்த வீடுகளுக்குப் பி.ஜி.க்களும் உடன் போகலாம்.

5. செய்யத்தக்கது

பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகிய துறைகளில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு பிற்பகல், மூன்று ஆண்டுக்கும், ஒதுக்க வேண்டும். நோயாளிகள் பட்டியல் அவர் பெயரில் இருக்க வேண்டும். அந்தப் பிற்பகலில் வார்டை யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான், கூடுதல் மருத்துவர்களை நியமிக்காமல் இதைச் செய்தால் சுமை மற்ற பி.ஜி.க்களின் தலையில்தான் விழும்.

தேர்வும் மாற வேண்டும். ஒரு நோயாளியை விரிவாக ஆராய்ந்து விளக்கும் ‘லாங் கேஸ்’ தேர்வில் நோயின் பெயரும் சிகிச்சையும் கேட்கப்படுகின்றன. இந்த நோயாளி வீடு திரும்பியபின் மருந்தை எங்கே வாங்குவார், அடுத்த முறை யாரைப் பார்ப்பார் என்பதையும் தேர்வாளர் கேட்டு மதிப்பெண் இட வேண்டும். தேர்வில் வருவதைத்தான் மாணவர்கள் படிப்பார்கள்.